ஒலிப்பதிவில் ரீங்காரமும் கடலோர வீடுகளின் எர்த்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் ஓர் அறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டு பாட்டு, கதை, பாடம் என்று பதிவுசெய்து வெளியிடும் நம் மாவட்டத்து இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். அதில் பேசியிருந்தவர்களில் பலர் ஒரே குறையைச் சொல்லியிருந்தார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு வாங்கிய மைக்கில் ஓயாமல் ஒரு ரீங்காரம் கேட்கிறது, விலை கூடிய மைக் வாங்க வசதியில்லை என்பதே அது. பாம்பன் முதல் தொண்டி வரை அம்மன் கோயில் முளைப்பாரி, மாதா கோயில் திருவிழா, தர்கா சந்தனக்கூடு, கல்யாணம், காதுகுத்து என்று முப்பத்தோரு ஆண்டுகள் ஒலிபெருக்கி கட்டிப் பிழைத்தவன் நான். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்: அவர்கள் குறை சொல்லும் ரீங்காரத்தை நான் தேடிப்போன வீடுகளில் அது மைக்கிலிருந்து வந்ததைவிட, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பான வீட்டின் எர்த் கெட்டுப்போனதால் வந்ததே அதிகம். புது மைக்குக்குப் பணத்தைக் கொட்டும் முன்பும், யாரோ சொன்னார்கள் என்று பிளக்கின் மூன்றாவது முள்ளை, அதாவது எர்த் முள்ளை, உடைக்கும் முன்பும் அவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். கடிதம் சற்று நீளும், பொறுத்தருள வேண்டும்.

என் மகள் வயிற்றுப் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் தெருவில் எண்பதை நெருங்கும் பெரியவர் ஒருவருக்குக் கரைவலை இழுத்த காலத்து அம்பாப் பாட்டுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன. இழுக்கிற கைகளெல்லாம் ஒன்றாக அசைய வேண்டும் என்பதற்காக ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுகிற பாட்டுகள் அவை. இப்போது வாங்கிப் பாட ஆளில்லாமல் அவர் தனியாகவே பாடுகிறார். அவருக்குக் குரல் இருக்கும்போதே பதிவுசெய்துவிட வேண்டும், பாம்பனில் மீனவர்களுக்காக ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 போன்ற சமுதாய வானொலிக்குக் கொடுக்கும் தரத்தில் அது இருக்க வேண்டும் என்று பேத்திக்கு ஆசை. கல்வி உதவித்தொகையில் மிச்சம்பிடித்து இணையத்தில் ஒரு கண்டென்சர் மைக் வரவழைத்தாள். பெரியவரை உட்காரவைத்து மூன்று பாட்டைப் பதிவுசெய்து ஹெட்போனில் கேட்டபோது, அவர் மூச்சு வாங்க நிறுத்துகிற ஒவ்வோர் இடத்திலும் "ம்ம்ம்" என்ற ஓசை வந்து நிரம்பிக்கொண்டது.

மைக்கைத் திருப்பியனுப்பி வேறொன்று வாங்கினாள், வயரை மாற்றினாள், ரீங்காரம் அப்படியே இருந்தது. கடைத்தெருவில் ஓர் இடத்தில் விசாரித்தபோது, மடிக்கணினி சார்ஜர் பிளக்கின் பெரிய முள்ளை எடுத்துவிட்டால் ஹம் (ரீங்காரம்) போய்விடும் என்று சொல்லி, அங்கேயே குறடை எடுத்து உடைத்துத் தரவும் தயாராக இருந்திருக்கிறார்கள். நல்லவேளை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டாள். "தாத்தா, மைக்கையும் மாத்திட்டேன், வயரையும் மாத்திட்டேன். இன்னும் எதைத்தான் மாத்துறது?" என்றாள். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் பதிவுசெய்து பார்க்கச் சொன்னேன். கழற்றினாள். ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரீங்காரம் சுத்தமாக நின்றுபோயிருந்தது.

காசு செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் எல்லோரும் முதலில் செய்ய வேண்டும். பேட்டரியில் ஓடும்போது இல்லாத ரீங்காரம் சார்ஜரைச் செருகியதும் வருகிறதென்றால், மைக்கின்மேல் பழி போட இடமில்லை. இன்றைய சார்ஜர்களெல்லாம் எஸ்.எம்.பி.எஸ். வகையைச் சேர்ந்தவை, உள்ளே மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. அப்படி வெட்டும்போது உண்டாகும் குப்பையை வடிப்பதற்காக ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்றுமாகச் சிறு கெப்பாசிட்டர்கள் வைக்கப்பட்டிருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றின் வழியே கசிவது மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் இரண்டு கெப்பாசிட்டர்களுக்கும் நடுவில் தொங்குகிற மடிக்கணினியின் உலோக உடல் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி அழுத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஓடுகிற மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை. புறங்கையால் தடவினால் எறும்பு ஊர்வதுபோல் விறுவிறுக்கும், டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும், அவ்வளவுதான். ஆனால் மைக்கிலிருந்து வரும் சிக்னலோ சில மில்லிவோல்ட் மட்டுமே. வினாடிக்கு 50 முறை ஆடுகிற தோணியில் நின்றுகொண்டு ஒருவர் எழுதினால் எழுத்தோடு ஆட்டமும் பதிவாகிவிடும் அல்லவா, குரலுக்கும் அந்த நிலைதான்.

மைக்கின் உலோக உடலையோ மடிக்கணினியின் ஓரத்தையோ கையால் தொட்டதும் ரீங்காரம் கூடினாலும் குறைந்தாலும் அதுவும் இதே நோயின் அறிகுறி.

பேத்தி வீட்டுச் சாக்கெட்டில் எர்த் துளை இருந்தது. மற்றச் சாமான்களின் பிளக்குகளையெல்லாம் பிடுங்கிவிட்டு, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தேன்; பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தேன். இழை சிவக்கக்கூட இல்லை. (இதைத் தொழில் தெரியாதவர்கள் செய்து பார்க்கக் கூடாது. உயிரோடு விளையாடுகிற காரியம். வயர்மேனை அழைத்துச் செய்யச் சொல்லுங்கள்.) பிறகு கொல்லைப்புறம் போய் எர்த் குழியைத் தேடினோம். முருங்கை மரத்தடியில் தரைமட்டத்துக்கு மேல் அரையடி நீட்டிக்கொண்டிருந்தது ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். அதன் கிளாம்ப் இருந்த இடத்தில் துருக் கட்டி மட்டும் இருந்தது. வீட்டிலிருந்து வந்த கம்பியைப் பிடித்து மெல்ல இழுத்தேன். மணலுக்குள் அரைச் சாண் ஆழத்தில் காய்ந்த பனைநார்போல் இற்றுக் கையோடு வந்துவிட்டது. விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் செம்மண் பொடியாக உதிர்ந்தது. வீடு கட்டி ஏழு ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்த ஏழு ஆண்டுகளில் எந்த ஆண்டு முதல் அந்த வீட்டின் கிரைண்டரும் குளிர்பதனப் பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் எர்த் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. என் மகள் ஈரக் கையோடு புழங்குகிற வீடு அது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

உள்மாவட்டத்துக் கரிசல் மண்ணில் இது இவ்வளவு விரைவாக நடப்பதில்லை. நம் கரையின் கேடு இரட்டைக் கேடு. மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஈரம் இறங்கிப்போனால் வறண்ட மணலுக்கு மின்தடை பல மடங்கு ஏறிவிடும். உப்பு ஈரம் உள்ள இடத்திலோ மின்சாரம் நன்றாக இறங்கும், அதே உப்பு இரும்பையும் அதன்மேல் பூசிய துத்தநாகத்தையும் தின்றுவிடும். எர்த் குழியில் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடுகிற பழைய வழக்கம் எங்கும் உள்ளதுதான். ஏற்கெனவே காற்றிலும் மண்ணிலும் உப்பு நிறைந்த நம் ஊர்களில் மேலும் உப்பைக் கொட்டுவது பைப்பின் ஆயுளைக் குறைக்கும் என்பது என் கருத்து. பென்டோனைட் களிமண் கலந்த எர்த் பொடியைப் போட்டால் அது ஈரத்தையும் தக்கவைக்கும், இரும்பையும் அவ்வளவு அரிக்காது. பேத்தி வீட்டில் துணி துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடும் இடமாகப் பார்த்து, செம்பு பூசிய மூன்று மீட்டர் ராடை இறக்கி, சுற்றிலும் அந்தப் பொடியைப் போட்டு, செம்புக் கம்பியால் வீட்டு போர்டு வரை இழுத்தோம். செம்புக் கம்பியைப் பழைய ஜி.ஐ. பைப்பில் நேராகச் சுற்றிவிடக் கூடாது. இரண்டு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகமும் இரும்பும் இன்னும் விரைவாகக் கரையும். எர்த் தடையை அளக்கும் கருவியான எர்த் மெக்கரால் அளந்தபோது ஐந்து ஓமுக்குள் வந்தது. அன்று மாலை சார்ஜரைச் செருகிக்கொண்டே பதிவுசெய்தாள். ரீங்காரம் இல்லை. திருப்பியனுப்பியது போக மிஞ்சிய அதே மைக், அதே வயர்.

மின்கம்பத்திலிருந்து நம் வீடுகளுக்கு வருவது ஃபேஸும் நியூட்ரலும்தான். நடைமுறையில் எர்த்தை அமைத்துப் பேணுபவர் வீட்டுக்காரர்தான். இது தெரியாமல், எர்த் கெட்டுப்போன வீடுகளில் சிலர் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுகிறார்கள். நான் பார்த்த வீடுகளில் இதுவே மிகவும் கொடுமையான வேலை. வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தால், அந்த வீட்டிலுள்ள எல்லா உலோகச் சாமான்களின் உடலிலும் ஃபேஸ் ஏறி நிற்கும். ரீங்காரமும் இதனால் போகாது; நியூட்ரலில் ஓடும் மின்னோட்டத்தின் ஆட்டம், மைக் வயருக்குள் சிக்னல் கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகச் சுற்றுவலை வழியே பதிவிலும் ஏறிவிடும். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை வீட்டுக்குப் போட்டுக்கொள்ள வேண்டும், அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது முள்ளை உடைக்கும் யோசனை எங்கிருந்து வருகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அப்படி உடைத்தால் சில நேரம் ரீங்காரம் உண்மையாகவே நிற்கும். மடிக்கணினி ஒரு சாக்கெட்டிலும் ஆம்ப்ளிஃபயர் அல்லது ஸ்பீக்கர் வேறோர் அறைச் சாக்கெட்டிலும் எர்த்தாகி, இரண்டையும் ஓர் ஆடியோ வயர் இணைத்திருந்தால், எர்த்துக்கு இரண்டு வழிகள் உண்டாகி ஒரு வளையம் ஆகிவிடும். இரண்டு சாக்கெட்டின் எர்த்துக்கும் இடையிலுள்ள சிறு அழுத்த வேறுபாடு அந்த வளையத்தில் மின்னோட்டமாக ஓடி, ஆடியோ வயர் வழியே ரீங்காரமாகக் கேட்கும். ஒரு முள்ளை உடைத்தால் வளையம் அறுந்து ஓசை நிற்கும். கூடவே அந்தக் கருவிக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் (பல சாக்கெட்டுகள் கொண்ட பலகையில்) செருகுவதுதான் இதற்குச் சரியான வழி. அப்படியும் நிற்காவிட்டால் ஆடியோ வயரின் நடுவில் ஒன்றுக்கு ஒன்று விகிதமுள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும்; அது கம்பித் தொடர்பை அறுத்துவிட்டு ஒலி சிக்னலை மட்டும் கடத்தும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மூன்று முள் பிளக்கை இரண்டு துளையில் செருக உதவும் கன்வர்ட்டரும் முள்ளை உடைப்பதற்குச் சமம்தான்.

தொண்ணூறுகளில் ஒரு கடற்கரைக் கிராமத்துத் திருவிழாவில், ஹம் நிற்கவில்லை என்பதற்காக நானே என் கையால் ஓர் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தைக் கழற்றிவிட்டேன். கிதார் வாசித்துக்கொண்டே பாட வந்த பையனின் உதடு மைக் வலையில் பட்டதும் அவன் பின்னால் தூக்கியெறியப்பட்டான். கிதார் ஒரு மின்னிணைப்பிலும் மைக் வேறொரு மின்னிணைப்பிலும் இருந்தன. உதட்டில் காயத்தோடு தப்பினான். அவன் தாய் என்னைத் திட்டவில்லை, அழுதாள். அதற்குப் பிறகு என் கடையிலிருந்து போன எந்தப் பிளக்கிலும் முள் இல்லாமல் இருக்க நான் விட்டதில்லை. கடைக்காரர்களே, இந்த யோசனையைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள்.

இனி மைக்கின் பக்கம் வருகிறேன். மலிவு மைக்குகளுடன் வரும் வயரில் ஒரு முனையில் மூன்று பின் எக்ஸ்.எல்.ஆரும் மறுமுனையில் 3.5 மி.மீ. பின்னும் இருக்கும். எக்ஸ்.எல்.ஆரின் சிறப்பே, முதல் பின் சுற்றுவலையாக, இரண்டிலும் மூன்றிலும் ஒரே சிக்னல் நேராகவும் தலைகீழாகவும் போவதுதான். வழியில் இரண்டின்மீதும் ஒரே அளவில் ஒட்டிக்கொள்ளும் ரீங்காரம் மறுமுனையில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 3.5 மி.மீ. பின்னுக்கு மாறும்போது அந்தக் கழிப்பு போய்விடுகிறது. அதனால் அந்த வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. சார்ஜர் வயரோடு பின்னிக்கொண்டு கிடக்கக் கூடாது, குறுக்கிட வேண்டுமென்றால் நேர்க்கோணத்தில் குறுக்கிட வேண்டும். பணம் சேரும்போது புது மைக்குக்கு முன்பாக 48 வோல்ட் பேன்டம் பவர் (மைக் வயர் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரம்) தரும் சிறு ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி, ஒன்றை வாங்கி, இரு முனையும் எக்ஸ்.எல்.ஆர். உள்ள வயரைப் போடுவதே என் பரிந்துரை.

இன்னொரு குழப்பமும் இளைஞர்களை நிறைய அலைக்கழிக்கிறது. இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளைதான். அதற்கு நான்கு உலோகப் பட்டை கொண்ட பின் வேண்டும். மைக் பெட்டியில் வருவதோ பெரும்பாலும் மூன்று உலோகப் பட்டைப் பின். அதைச் செருகினால் மைக் வேலை செய்யாது, மடிக்கணினிக்குள் இருக்கும் பொட்டு மைக்தான் மின்விசிறிச் சத்தத்தோடு எல்லாவற்றையும் பதிவுசெய்துகொண்டிருக்கும். மைக் வலையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அந்தச் சுரண்டல் பதிவில் உரத்துக் கேட்கவில்லையென்றால், நீங்கள் இத்தனை நாளும் குறை சொன்னது வேறொரு மைக்கை.

எர்த் சரியான பிறகும் பேத்தியின் பதிவில் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. காலையில் பதிவுசெய்தால் பொரி பொரிவதுபோல் படபடவென்று ஓர் ஓசை. மத்தியானம் பதிவுசெய்தால் இல்லை. கண்டென்சர் மைக்கின் உள்ளே மின்னேற்றம் ஏறிய மெல்லிய படலம் இருக்கிறது. அந்த மின்னேற்றம் தங்கியிருக்க வேண்டுமானால் சுற்றியுள்ள பாகங்களின் தடை கிகா ஓம் கணக்கில் இருக்க வேண்டும். உப்பு கலந்த ஈரம் அதன்மேல் படிந்தால் மின்னேற்றம் அங்கங்கே கசிந்து, ஒவ்வொரு கசிவும் ஒரு பொரிச் சத்தமாகக் கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் காற்றோடு மழை வரும் நாட்களில் மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டுவைப்பது, மீனைக் கருவாட்டுக்குப் போட்டுவிட்டு மழையில் விடுவதற்குச் சமம். வேலை முடிந்ததும் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து மூடிவிட வேண்டும். நீல நிற ஜெல் ஈரத்தைக் குடித்தால் இளஞ்சிவப்பாகும். சமையலுக்குப் புழங்காத ஒரு பழைய சட்டியில், வீட்டுக்கு வெளியே, மெல்லிய சூட்டில் வைத்தால் மறுபடி நீலமாகும். மைக்கை அரிசிப் பானைக்குள் வைப்பதால் மாவுத் தூசுதான் உள்ளே போகும். மைக்கை வெயிலிலும் காயவைக்க வேண்டாம். பின்களில் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைக்க வேண்டும். இத்தனைக்கும் பொறுமையில்லாதவர்கள் டைனமிக் மைக் வாங்கிக்கொள்ளலாம். அது ஈரத்துக்கு அவ்வளவு அஞ்சாது, ஆனால் சிக்னல் சிறியது என்பதால் அதைப் பெருக்கிக் கொடுக்க நல்ல ப்ரீஆம்ப் கேட்கும்.

ஓசையின் குணத்தைக் காதால் பிரித்தறியப் பழகிக்கொண்டால் தேடும் வேலை பாதியாகிவிடும். கனமான "ம்ம்ம்" 50 ஹெர்ட்ஸ். எர்த்தையும் வயரையும் பாருங்கள். கரகரக்கும் "ர்ர்ர்" 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். பழைய சோக் போட்ட குழல்விளக்கு, மலிவு எல்.இ.டி. பல்பு, திருகும் வகை மின்விசிறி ரெகுலேட்டர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மின்தடை நேரத்தில் மட்டும் வந்தால் சதுர அலை இன்வெர்ட்டர்தான் காரணம். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை இல்லை. விட்டுவிட்டு வரும் "டிட் டிட்" சத்தம் பக்கத்தில் கிடக்கும் கைபேசியுடையது. யு.எஸ்.பி. மைக்கில் சன்னமாக விசில்போல் கேட்பது கணினி அதனோடு வினாடிக்கு 1,000 முறை தரவு பரிமாறும் ஓசை. வேறு துளையில், இடையில் ஹப் எதுவும் இல்லாமல் செருகினால் பெரும்பாலும் குறையும். "உஸ்ஸ்" என்ற சீரான இரைச்சல் ஒன்றுதான் மலிவு மைக்கின் சொந்தக் குறை. அதற்கு எர்த் மருந்தாகாது. இவற்றையெல்லாம் ஹெட்போனில்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் கைபேசியின் சிறு ஸ்பீக்கருக்கு 50 ஹெர்ட்ஸை ஒலிக்கவைக்கும் திறன் கிடையாது. அதில் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர்.

மென்பொருளில் நீக்கிவிடலாமே என்று கேட்பார்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் 50, 100, 150 ஹெர்ட்ஸ்களை மட்டும் வெட்டும் வசதி உண்டு. கொஞ்சமாகப் பயன்படுத்தினால் தவறில்லை. இரைச்சல் நீக்கியை அளவுக்கு மீறி ஓட்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். பெரியவரின் அடித்தொண்டைக் குரலில் 100 ஹெர்ட்ஸும் 150 ஹெர்ட்ஸும் இருக்கின்றன. ரீங்காரத்தோடு சேர்த்து அதையும் வெட்டியெறிய எனக்கு மனம் ஒப்பவில்லை. அதைவிட மைக்கை நெருக்கி வைப்பது மேல். இரண்டடி தூரத்தை ஓரடியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், மின் ரீங்காரம் ஒரு துளியும் கூடாது. தென்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அலையோசை பதிவில் விழுவதைப் பற்றியும் பேத்தி கவலைப்பட்டாள். அதை நீக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாட்டு அந்த ஓசைக்கு நடுவில்தான் பாடப்பட்டது.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மைக் விற்பவர்கள், இணைய வழி விற்பவர்கள் உட்பட, பெட்டிக்குள் தமிழில் ஒரு சிறு தாளாவது வைக்க வேண்டும். எந்தப் பின் எந்தத் துளைக்கு, பேன்டம் பவர் வேண்டுமா வேண்டாமா, எர்த் முள்ளை ஏன் எடுக்கக் கூடாது என்ற மூன்றைச் சொன்னால் போதும். அடுத்தது, நம் மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்பணியாளர் பிரிவு மாணவர்கள் எர்த் அளக்கக் கற்கிறார்கள். அவர்களை ஆசிரியர்களின் மேற்பார்வையில் மண்டபம், தங்கச்சிமடம், தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற கரையோர ஊர்களுக்கு அனுப்பி, வீடு வீடாக எர்த் தடையை அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொடுக்க ஏற்பாடு செய்யலாம். மாணவர்களுக்கும் அது நல்ல பயிற்சி. மழை பெய்த பின் அளந்தால் கெட்ட எர்த்தும் நல்ல அளவு காட்டிவிடும். மணல் வறண்டு கிடக்கும் ஆவணி, புரட்டாசியில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

இப்படிக்கு,
முன்னாள் ஒலிபெருக்கி அமைப்பாளர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.